தூய பவுல் பேராலயத்தின் பாட்டுச் சிறுவர்கள்

நமது இறையியல் கல்லூரிகளில் ஆராதனை வரலாறு கற்பிக்கப்படும்போது பாடல்களைப் பற்றியும் இராகங்களைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறோம். அவற்றைப் பாடிய குரல்கள் யாருடையவை என்று கேட்பது அரிது. இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்களில் காலை மாலை ஆராதனைகளின் மேல்குரல் பகுதியை நூற்றாண்டுகளாகப் பாடிவந்தோர், ஏறத்தாழ எட்டு வயது முதல் குரல் உடையும் வயது வரையுள்ள சிறுவர்களே. இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வாழ்ந்த வாழ்வை இங்கு நோக்குவோம்.

இடைக்காலத்தில் அப்பேராலயத்தின் தர்ம அதிகாரி இச்சிறுவர்களைத் தம் பொறுப்பில் வைத்து, உணவும் உறைவிடமும் கல்வியும் தரக் கடமைப்பட்டிருந்தார். அதற்கெனச் சொத்துகளும் எழுதிவைக்கப்பட்டிருந்தன. ஆயினும் காலப்போக்கில் சொத்து நிலைத்தது; கடமை மறைந்தது. 1811ஆம் ஆண்டளவில் அங்கிருந்த சிறுவர் பத்துப் பேருக்கு மேற்படார். பேராலயத்தில் அவர்களுக்குத் தங்குமிடம் இல்லை. காலை ஆராதனைக்கும் மாலை ஆராதனைக்கும் இடைப்பட்ட பொழுதை மேற்பார்ப்பாரின்றித் தெருக்களில் கழித்தனர். இசைப் பயிற்சி நடந்தது. பொதுக் கல்வி பெயரளவில் இருந்தது. இரவிலோ பொது இசையரங்குகளில் பாடக் கூலிக்கு அனுப்பப்பட்டு, நள்ளிரவை ஒட்டித் துணையின்றி வீடு திரும்பினர். பகலில் சங்கீதங்களைப் பாடிய அதே நாவு இரவில் கேளிக்கைக்குப் பாடிற்று என்பதைவிட, அக்குழந்தை எப்போது உறங்கிற்று என்பதே நம்மை உறுத்துகிறது.

அரச சிற்றாலயத்துச் சிறுவர் நிலையும் மேலானதன்று. அங்குப் பாடிய ஜான் காஸ் என்பவர், தம் சேமிப்புக் காசில் ஹாண்டலின் ஆர்கன் இசைநூல் ஒன்றை வாங்கியதற்காக, ஆசிரியர் அந்நூலாலேயே தம் தலையில் அடித்ததைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பாடச் சேர்ந்தவன் ஆர்கன் வாசிக்க விரும்பியதே குற்றம்! அவரே 1838இல் தூய பவுல் பேராலயத்தின் ஆர்கன் இசைஞரானார்.

இந்நிலையைக் கண்டு பொறாதவர் ஆயரோ பேராயரோ அல்லர். திருமணமாகாத ஒரு பெண்மணி. மரியா ஹேக்கட் 1783இல் பிறந்தவர். தம் உறவினரான ஒரு சிறுவனை அப்பாடகர் குழுவில் சேர்த்தபின், வாக்களிக்கப்பட்ட கல்வி எங்கே என்று வினவத் தொடங்கினார். 1811இல் இலண்டன் பேராயருக்கு எழுதினார். பேராலய நிர்வாகக் குருமார் ஒவ்வொருவருக்கும் எழுதினார். பலர் மறுமொழியும் தரவில்லை. அக்காலத்துத் தலைமைக் குரு லிங்கன் மறைமாவட்டத்தின் பேராயராகவும் இருந்தவர் என்பதை நினைவிற்கொண்டால், எட்டு வயதுச் சிறுவனின் இரவுணவு அவர் காதுக்கு எட்டாததில் வியப்பில்லை. அம்மையார் உணர்ச்சியுரைகளை நம்பி நிற்கவில்லை. பழைய சாசனங்களைத் தேடிப் படித்து, திருச்சபையின் கையெழுத்தையே திருச்சபைக்குமுன் வைத்தார். நீதிமன்றத்தையும் நாடினார். நம் சபைகளின் அறக்கட்டளை ஆவணங்களைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை எனும் ஆயர்கள் இம்முறையைக் கவனிப்பார்களாக.

பின்னர் இங்கிலாந்து முழுவதுமுள்ள பேராலயப் பாடசாலைகளைச் சுற்றிப் பார்த்து, 1820களில் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். பயண வசதி குறைந்த அந்நாளிலிருந்து முதுமை வரை, மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பேராலயத்திற்கும் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். சந்தித்த ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு நூலும், ஒரு பணப்பையும், புத்தம் புதிய ஒரு ஷில்லிங் நாணயமும் தருவாராம். சீர்திருத்தம் கேட்பவர் சிறுவரின் முகத்தையும் அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

மாற்றம் மெதுவாகவே வந்தது. அப்பேராலயத்திலேயே சிறுவனாகப் பாடிய ஜான் ஸ்டெயினர் 1872இல் காஸுக்குப்பின் ஆர்கன் இசைஞராக வந்தார். பாடகர் குழு பெருகியது. சிறுவர் தங்கிப் பயிலக் கார்ட்டர் லேன் தெருவில் தனிக் கட்டடம் எழுப்பப்பட்டது. 1874 நவம்பரில் மரியா ஹேக்கட் தமது 90ஆம் வயதில் காலமானார். சிறுவர்கள் மறு ஆண்டு அக்கட்டடத்தில் குடியேறினர்.