குடிக்காதவரின் ஈரல்

"ஈரல்ல வருத்தமா? அவர் குடிக்கிற ஆளா?" கல்முனைப் பக்கம் ஒருத்தருக்கு ஈரல் வருத்தம் என்றால் முதல்ல வருகிற கேள்வி இது. குடி ஹராம் என்று வளர்ந்த ஊர்களில் இது ஒரு மனிசனின் மானத்தைத் தொடுகிற கேள்வி. அதனாலதான் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபட்டி லிவர்’ என்று வந்தால் அதை வெளியில சொல்ல ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். ஆனா இந்தச் சந்தேகத்தை நம்மட ஊர் உருவாக்கவில்லை. மருத்துவத்திடமே அது நீண்டகாலம் இருந்தது.

1836இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் அடிசன், ஈரலில் கொழுப்புப் படிவதைக் குடியோடு சேர்த்து எழுதினார். பிறகு பருமனானவர்களிடமும் சீனி வருத்தக்காரரிடமும் அதைக் கண்டார்கள். ஆனாலும் சந்தேகம் முதலில் குடிமேல்தான் விழுந்தது. 1980இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜூர்கன் லுட்விக் குழுவினர் 20 நோயாளர்களைப் பற்றி எழுதினார்கள். நுணுக்குக்காட்டியில் குடிகாரரின் ஈரல் போலவே தெரிந்தது. குடிதான் காரணம் என்று சொல்ல வழியில்லை. அந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் ‘மதுசாராத ஈரல் அழற்சி’. எது காரணமில்லை என்பதை மட்டும் சொன்ன பெயர் அது.

நம்ம நாட்டிலும் கணக்கெடுத்தார்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 2007இல் தொடங்கிய ராகமை ஆய்வில், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 3,000 பேரைப் பார்த்தபோது 32.6 வீதமானோருக்கு மதுசாராத கொழுப்பு ஈரல் இருந்தது. மூன்று பேருக்கு ஒருவர்!

வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, சீனி வருத்தம், பிரஷர், இரத்தத்தில் கூடின ட்ரைகிளிசரைட்டு. இவைதான் முக்கிய ஆபத்துகள். தெற்காசியர் பெரிய உடம்பாக இருக்கவும் தேவையில்லை. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் இடுப்புச் சுற்றளவிலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. சோறும் சீனித் தேத்தண்ணியும் குறையவில்லை. வயல் வேலையை மட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது.

இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் வழக்கமான முதல் வழி. கொழுப்புக் குறைவாக இருந்தால் அதுவும் தவறவிடலாம். ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று முடிவெடுக்க ஏலாது. அடுத்த கேள்வி, ஈரலில் தழும்பு விழுந்திருக்கா என்பது. வயது, இரண்டு ஈரல் நொதியங்கள், குருதிச் சிறுதட்டுக்கள் ஆகியவற்றை வைத்து ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்குப் போடுவார்கள். சந்தேகமென்றால் ஃபைப்ரோஸ்கான். டொக்டர் குடியைப் பற்றியும் கேட்பார். மஞ்சட்காமாலை வைரசுகளைத் தேடுவது போல அதுவும் ஒரு பரிசோதனைதான், குற்றச்சாட்டு இல்லை.

2023இல் சர்வதேச ஈரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து பெயரையே மாற்றின. ‘மதுசாராத’ என்பது போய், உடலின் அனுசேபக் கோளாறோடு சேர்ந்த ஈரல் நோய் என்று வந்தது. நோயாளியை அவமானப்படுத்துகிற சொல் வேண்டாம் என்பதும் ஒரு காரணம்.

நம்மட தேத்தண்ணிக் கடைகளுக்கு அந்த மாற்றம் இன்னும் வரவில்லை. வெட்கத்தில மறைக்கிற ஈரல், சத்தமில்லாமல் சுருங்கிப் போகலாம். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ சீனி வருத்தம் இருந்தா, அடுத்த கிளினிக்கில் ஈரலைப் பற்றியும் கேட்கச் சொல்லுவோம்.