சோம்பலின் கருவியா? ரிமோட் முதல் குரலாணை வரை

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் தொலைக்காட்சிக்கென ஒரு தொலையியக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டியிலிருந்து நீண்ட கம்பியின் முனையில் இருந்த அக்கருவிக்கு இடப்பட்ட பெயர் ‘லேஸி போன்ஸ்’. சோம்பேறியைக் கேலியாகச் சுட்டும் பேச்சுவழக்குச் சொல் அது. விற்பனைக்காக இடப்பட்ட அந்தப் பெயர், பின்னாளில் ஒரு வரலாற்றுப் பார்வையாகவே நிலைத்துவிட்டது. ரிமோட்டைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் வசதியின் வரலாறுகளாகவே அமைகின்றன. படுத்தபடியே “ஏசியைப் போடு” என்று சொன்னால் குளிர்சாதனம் இயங்கும் இன்றைய நிலையை, அவ்வசதியின் உச்சமாகவோ சீரழிவாகவோ காண்பதும் அப்பார்வையின் நீட்சியே.

ஆனால் எழுந்து செல்ல விரும்பாதவரின் வரலாற்றுக்கு இணையாக, எழுந்து செல்ல இயலாதவரின் வரலாறு ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் யுனிவர்சல் ரிமோட் என்ற கருவியின் பொருள் விளங்கும். குரலாணைக் கருவிகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் அப்போதுதான் தெளிவாகும்.

தொலையியக்கத்தின் தொடக்கம் வீட்டில் நிகழவில்லை. 1895இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மன்றத்தில் மில்லிமீட்டர் அலைகளைச் சுவர்களுக்கு ஊடே செலுத்தி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் வானொலி அலைகளால் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்தோ தோரெஸ் கெவேதோ 1903இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் தம் ‘டெலிகினோ’ கருவியை முன்வைத்தார். ஆகாயக் கப்பல்களைச் சோதிக்கும்போது மனித உயிருக்கு ஆபத்து நேரக்கூடாது என்பது அவரது நோக்கம். இம்மூவரின் முயற்சிகளிலும் ஆய்வு, போர், பாதுகாப்பு ஆகியவை முன்னின்றன. வீட்டின் கூடமோ படுக்கையறையோ அவற்றில் இடம்பெறவில்லை.

வீட்டுக்குள் தொலையியக்கம் வந்தது வணிகத்தின் வழியாக. ஃபில்கோ நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாதிரிகளுக்கென வெளியிட்ட ‘மிஸ்டரி கன்ட்ரோல்’, தொலைபேசியில் இருப்பதுபோன்ற சுழல்தட்டைக் கொண்டு வானொலிப் பெட்டியைக் கம்பியின்றி இயக்கியது. ஜெனித்தின் லேஸி போன்ஸுக்குக் கம்பி இருந்ததால் கூடத்தில் நடப்பவர்களின் கால்களை அது இடறியது. அதற்கு மாற்றாக யூஜின் பாலி 1955இல் உருவாக்கிய ‘ஃபிளாஷ்மேட்டிக்’ ஒளிக்கற்றையைப் பயன்படுத்தியது. திரையின் நான்கு மூலைகளிலும் இருந்த ஒளிமின்கலங்களில் எதன்மீது ஒளி பாய்கிறதோ அதற்குரிய செயல் நிகழும். சன்னல் வழியே நுழைந்த வெயிலும் சிலவேளைகளில் அதே செயலைச் செய்துவிட்டது. மறு ஆண்டு ராபர்ட் அட்லர் வடிவமைத்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ மீயொலிக்கு மாறியது. பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் சிறு சுத்தியல் ஓர் அலுமினியத் தண்டைத் தட்டும். தண்டின் நீளத்திற்கேற்ப மனிதச் செவிக்கு எட்டாத ஓர் அதிர்வெண் எழும். மின்கலம் தேவையில்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் மீயொலியே கோலோச்சியது.

ஸ்பேஸ் கமாண்ட் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1960ஐ ஒட்டி, இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் வேறொரு தொலையியக்கி உருவாயிற்று. தண்டுவடக் காயமுற்றோர்க்கான சிகிச்சைக்குப் பெயர்பெற்றது அம்மருத்துவமனை. நோயாளிகளைக் காணவரும் தன்னார்வலராகிய ரெக் மாலிங், கைகால் அசைக்க இயலாதவர்கள் தம் மூச்சினால் கருவிகளை இயக்கும் அமைப்பொன்றை உருவாக்கினார். வாயருகே ஒரு குழாய். அதில் ஊதியும் உறிஞ்சியும் அழைப்புமணி, விளக்கு, வானொலி, வெப்பமூட்டி ஆகியவற்றில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து இயக்கலாம். பின்னர் தட்டச்சுப்பொறியும் அதனோடு இணைந்தது. ‘நோயாளி இயக்கும் தேர்வுப் பொறி’ என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் ஒலிப்பை ஒட்டி, அது ‘பாசம்’ என்று அழைக்கப்பட்டது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘என்னால் முடியும்’ என்று பொருள்.

ஒரு கருவியின் பெயர் சோம்பேறி. மற்றொன்றின் பெயர் என்னால் முடியும். ஆயினும் முதலாவது ஒரே ஒரு பெட்டியை மட்டும் இயக்கியது. ஒரே இடத்திலிருந்து பல கருவிகளை இயக்குவது என்ற யுனிவர்சல் ரிமோட்டின் அடிப்படைக் கருத்து மருத்துவமனைக் கட்டிலருகே நடைமுறைக்கு வந்தபோது, வணிக உலகில் ரிமோட் இன்னும் ஒற்றைப் பெட்டியின் துணைக்கருவியாகவே இருந்தது. இந்த வரிசைமுறை வரலாற்றாய்வாளர்களின் கவனத்திற்குரியது.

வணிக உலகில் அத்தேவை எழுந்தது வேறொரு சிக்கலால். 1970களின் பிற்பகுதியிலிருந்து ரிமோட்டுகள் அகச்சிவப்புக் கதிருக்கு மாறின. அது சுவரைக் கடந்து செல்லாது. எனவே அடுத்த வீட்டுப் பெட்டியை இயக்கிவிடும் அச்சமில்லை. ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. அத்துடிப்புகளின் கோவையும் இடைவெளியும் சேர்ந்து ஓர் ஆணையாகின்றன. ஊடகம் ஒன்றே, மொழிகளோ பல. ஜப்பானின் என்.இ.சி. ஒரு குறிமுறையை வகுத்தது. ஐரோப்பாவின் பிலிப்ஸ் வேறொன்றை வகுத்தது. ஏனைய நிறுவனங்களும் தத்தம் வழியில் சென்றன. வீட்டில் கருவிகள் பெருகப் பெருக ரிமோட்டுகளும் பெருகின.

ஆப்பிள் நிறுவனத்தின் இணை நிறுவனரான ஸ்டீவ் வாஸ்னியாக், அந்நிறுவனத்தை விட்டு விலகியபின் தொடங்கிய சி.எல்.9 நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘கோர்’ இதற்கு ஒரு விடையாக அமைந்தது. பழைய ரிமோட்டை அதன் எதிரே வைத்து அழுத்தினால் அக்குறிமுறையை அது கற்றுக்கொள்ளும். பல ஆணைகளைக் கோவையாக்கி, குறித்த நேரத்தில் வெளியிடவும் செய்யும். அவ்வகையில் யுனிவர்சல் ரிமோட் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர். 2001இல் கனடாவில் அறிமுகமாகி, 2004இல் லாஜிடெக் நிறுவனத்தின் வசமான ‘ஹார்மனி’ இன்னும் ஒரு படி முன்னே சென்றது. கருவிகளின் பெயர்களுக்குப் பதிலாக ‘படம் பார்’ என்பதுபோன்ற செயல்களின் பெயர்கள் அதன் பொத்தான்களுக்குச் சூட்டப்பட்டன. மனிதர் தம் நோக்கத்தைச் சொன்னால் போதும், கருவிகளை வரிசைப்படுத்துவது இயந்திரத்தின் பொறுப்பு என்ற எண்ணம், குரலாணைக்கு முன்பே இவ்வாறு பொத்தானில் தோன்றிவிட்டது.

அகச்சிவப்பின் ஒரு குறைபாடு இன்றளவும் தொடர்கிறது. அது ஒருவழிப் பேச்சு. ஆணை சென்றடைந்ததா என்பதை ரிமோட் அறியாது. பல தொலைக்காட்சிகளில் இயக்கவும் நிறுத்தவும் ஒரே குறியீடுதான். எனவே பெட்டி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால், ‘இயக்கு’ என்ற ஆணை அதனை நிறுத்திவிடும். குளிர்சாதனங்களில் பெரும்பாலும் இச்சிக்கல் குறைவு. அவற்றின் ரிமோட் ஒவ்வோர் அழுத்தத்திலும் வெப்பநிலை, இயங்குமுறை, காற்றின் வேகம் என முழு நிலையையும் அனுப்பிவிடுகிறது. கண்ணால் பார்த்து மறுபடி அழுத்தக்கூடியவருக்கு இது சிறு தொல்லை. அறையின் மறுபக்கம் திரும்ப இயலாதவருக்கு அவ்வாறன்று.

இந்திய வீட்டின் கதை இதிலிருந்து சற்று வேறுபடுகிறது. 1982இல் வண்ண ஒளிபரப்பும், 1991க்குப் பின் செயற்கைக்கோள் அலைவரிசைகளும் ரிமோட்டை இங்கே பரவலாக்கின. ஆயினும் இந்திய அறையில் மிகுதியாகத் தேவைப்படும் கருவி தொலைக்காட்சியன்று, மின்விசிறி. அதன் கட்டுப்பாடோ சுவரில் பதித்த சுவிட்சிலும் ரெகுலேட்டரிலும் இருந்தது. எந்த யுனிவர்சல் ரிமோட்டாலும் அதனை எட்ட முடியவில்லை. கடந்த பத்தாண்டுகளில் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிகள் பரவியபோது நிலைமை மாறியது. வழக்கமான விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும் இடத்தில் இவை 28 முதல் 35 வாட்டில் இயங்குகின்றன. மின்சேமிப்பே இவற்றின் நோக்கம். ஆனால் இவ்வகை மோட்டாருக்கு மின்னணுச் சுற்று இன்றியமையாதது. அச்சுற்று இருக்கும் இடத்தில் ரிமோட் ஏற்பியைச் சேர்ப்பது எளிது. மின்கட்டணத்தைக் குறைக்க வந்த ஒரு மாற்றம், நள்ளிரவில் விசிறியைக் குறைக்கப் பிறரை எழுப்பவேண்டிய நிலையிலிருந்து பலரை விடுவித்தது. திட்டமிடாத இத்தகைய விளைவுகளைத் தொழில்நுட்ப வரலாறு போதிய அளவு பதிவு செய்வதில்லை.

குரலின் பாதை தனியே தொடங்கியது. 1920களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட ‘ரேடியோ ரெக்ஸ்’ என்னும் பொம்மை நாய், தன் பெயரை அழைத்தால் கூண்டிலிருந்து துள்ளி வெளியே வரும். அப்பெயரின் உயிரொலியிலுள்ள ஓர் அதிர்வெண் மின்காந்தத்தின் பிடியைத் தளர்த்துவதே அதன் நுட்பம். 1952இல் பெல் ஆய்வகத்தின் ‘ஆட்ரி’ ஒன்று முதல் சுழியம் வரையிலான எண்களை உணர்ந்தது. ஆனால் தனக்குப் பழக்கப்பட்ட குரலில் சொன்னால் மட்டுமே அது நன்கு செயல்பட்டது. 1962இல் ஐ.பி.எம். காட்சிப்படுத்திய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களை அறிந்திருந்தது. 1976இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை எட்டியது. அதன்பின் புள்ளியியல் முறைகளும், 2010க்குப் பின் ஆழ்கற்றலும் சொல்லெல்லையை ஏறத்தாழ அகற்றிவிட்டன. 2014 நவம்பரில் அமேசானின் ‘எக்கோ’ அமெரிக்காவில் அறிமுகமானது. 2017இல் இந்தியாவுக்கு வந்தது.

இரு பாதைகளும் சந்திக்கும் இடம், வைஃபையில் இணைந்து அகச்சிவப்புக் கதிரை உமிழும் உள்ளங்கை அளவு பெட்டி. இன்றைய யுனிவர்சல் ஸ்மார்ட் ரிமோட் என்பது அதுவே. ஒருவர் தம் அறையில் விழிப்புச்சொல்லைக் கூறி ஆணையிடுகிறார். விழிப்புச்சொல்லை மட்டும் ஒலிபெருக்கி தானே உணர்கிறது. அடுத்துவரும் சொற்கள் பொதுவாக இணையவழியே தொலைதூரச் சேவையகத்திற்குச் செல்கின்றன. அங்கே ஒலி எழுத்தாகி, எழுத்து நோக்கமாகிறது. அந்நோக்கம் ரிமோட் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் சேவையகத்திற்குக் கடத்தப்பட்டு, மீண்டும் அதே அறைக்கு வந்து, பெட்டியிலிருந்து அகச்சிவப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. மூன்று மீட்டர் தொலைவிலுள்ள விசிறியை எட்ட ஒரு சொல் பல்லாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்யக்கூடும்.

இப்பயணத்தில்தான் பழைய கேள்வி புது வடிவில் எழுகிறது: ஆணை யாருடையது, கீழ்ப்படிவது யாருக்கு? ‘ரிவால்வ்’ என்ற வீட்டியக்கப் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட, நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் பயனற்றுப் போயின. ‘ஹார்மனி லிங்க்’ கருவியின் சேவையை 2018 மார்ச்சில் நிறுத்தப்போவதாக லாஜிடெக் அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பயனர்களுக்கு மாற்றுக்கருவி வழங்க அது முன்வந்தது. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் மேகக்கணினிச் சேவை தடைப்பட்டபோது, பல வீடுகளில் குரலாணைகள் பதிலின்றிப் போயின. எழுந்து நடக்கக்கூடியவர் அந்நாளில் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டியிருப்பார். ஸ்டோக் மாண்டவில் கட்டிலருகே இருந்த பாசம் பருமனானது, மெதுவானது. ஆனால் அது வேறெந்த ஊரின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை.

இரண்டாவது கேள்வி மொழியைப் பற்றியது. இந்தியாவில் அலெக்சா முதலில் ஆங்கிலத்தில் பேசியது; 2019இல் இந்தி வந்தது. எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் 22. கருவிகளுக்கிடையே மொழிபெயர்க்கப் பிறந்த யுனிவர்சல் ரிமோட், இப்போது மனிதரைத் தம் மொழியை விட்டு வேறொன்றில் ஆணையிடப் பழக்குகிறது. மொழிபெயர்ப்பின் சுமை இயந்திரத்திடமிருந்து மீண்டும் மனிதரிடம் திரும்பியிருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘பாஷினி’யும், சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ ஆய்வு மையமும் இந்திய மொழிகளுக்கான பேச்சுத் தரவுகளையும் மாதிரிகளையும் திறந்த முறையில் உருவாக்கி வருவதன் முக்கியத்துவத்தை இப்பின்னணியில் வைத்து மதிப்பிட வேண்டும்.

மூன்றாவது கேள்வி அதனினும் கடுமையானது. பக்கவாதத்தாலோ மூளை முடக்குவாதத்தாலோ பேச்சுக் குழறுவோர், குரலாணையின் தேவை மிகுந்தவர்களுள் அடங்குவர். பொதுப் பேச்சுத் தரவுகளால் பயிற்றுவிக்கப்பட்ட இயந்திரம் அவர்களது பேச்சையே தவறாகப் புரிந்துகொள்கிறது. கூகுள் 2019இல் அறிவித்த ‘யூஃபோனியா’ திட்டம் இக்குறையை முன்னிட்டே எழுந்தது. இத்தகைய பேச்சுக்கு இந்திய மொழிகளில் தரவு திரட்டுவதும், பேச்சோடு மூச்சு, கண்ணசைவு, ஒற்றைப் பொத்தான் ஆகியவற்றையும் ஆணைவழிகளாக ஏற்பதும் தனித்தனிப் பணிகள் அல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்பதை வரையறுத்து, அதற்குச் சட்டத் தகுதி அளித்திருக்கிறது. யுனிவர்சல் ரிமோட் என்ற பெயரில் உள்ள ‘யுனிவர்சல்’ இதுவரை எல்லாக் கருவிகளையும் குறித்தது. சட்டத்தில் உள்ள அதே சொல் எல்லா மனிதரையும் குறிக்கிறது. இணையம் அறுந்தாலும் அறைக்குள்ளேயே ஆணையைப் புரிந்துகொள்வது, பயனரின் மொழியையும் பேச்சையும் ஏற்பது, ஆணை நிறைவேறியதா என்று திரும்பச் சொல்வது ஆகிய மூன்றும் இன்று தொழில்நுட்ப அளவில் எட்டக்கூடியவை. 2013இல் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டன்ட்’ போன்ற திறமூலத் திட்டங்கள் வீட்டுக்குள்ளேயே இயங்கும் குரலாணையை ஏற்கெனவே நடைமுறைப்படுத்திக் காட்டியுள்ளன. அவற்றை விலைகூடிய கூடுதல் வசதிகளாகக் கொள்வதா, அடிப்படைத் தேவைகளாகக் கொள்வதா என்பது, இக்கருவியின் வரலாற்றை லேஸி போன்ஸிலிருந்து தொடங்கி எழுதுகிறோமா, பாசத்திலிருந்து தொடங்கி எழுதுகிறோமா என்பதைப் பொறுத்தது.