ஜப்தி வீட்டுக்கு அடுத்த வீட்டார்: கிளீவ்லாந்து நெருக்கடியும் அன்றாட வீரமும்

அமெரிக்காவில் வீட்டு ஜப்தி வழக்குகள் மிக அதிகமாகப் பதிவான அஞ்சல் எண்களின் பட்டியலில் 2007-இல் 44105 முதலிடம் பிடித்தது. ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் ‘ஸ்லாவிக் வில்லேஜ்’ எனப்படும் பகுதி அது. செக், போலந்து நாடுகளிலிருந்து குடியேறி எஃகு ஆலைகளில் உழைத்தவர்கள் அங்கே நெருக்கமாகக் கட்டிய மரவீடுகள் பல. அத்தகைய தெருவில் ஒரு குடும்பம் தவணை கட்ட முடியாமல், ஏலத் தேதிக்குக் காத்திராமல் வெளியேறுகிறது. சில நாளிலேயே செப்புக் குழாய்களை அறுத்துக்கொண்டு போக ஆள் வந்துவிடும். தண்ணீர் இணைப்பு மூடப்படாதிருந்தால், அறுபட்ட குழாய் வழியே நிலவறை நிரம்பும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து அடித்தளத்தைப் பிளக்கும். இதைத் தடுக்க அடுத்த வீட்டார் செய்வது வெளிப்பார்வைக்கு அற்பமாகத் தெரியும்: காலி வீட்டின் புல்லையும் சேர்த்து வெட்டுவது, வாசலில் குவியும் விளம்பரத் தாள்களை எடுத்துப்போடுவது, அந்த முற்றத்தில் தங்கள் காரை நிறுத்தி ஆள் இருப்பதுபோல் காட்டுவது, இரவில் வெளிச்சம் தெரிந்தால் காவல்துறையை அழைப்பது.

இதை வீரம் என்று சொல்லலாமா? உளவியலாளர்கள் பிலிப் ஜிம்பார்டோவும் ஜெனோ பிராங்கோவும் 2006-இல் எழுதிய கட்டுரை, வீரம் அபூர்வப் பிறவிகளின் குணம் என்ற எண்ணத்தை மறுத்து, சாதாரண மனிதர் எவருக்கும் வாய்க்கக்கூடிய செயலாக அதைக் காட்டியது. தாமாக முன்வருதல், பிறர் நலன், தனக்கு இழப்போ ஆபத்தோ நேரலாம் என்று அறிந்தே இறங்குதல் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டால், காலி வீட்டுக்குள் புகுந்தவனை விரட்டப்போகும் அண்டைவீட்டுக்காரர் ஐயமின்றி வீரர். ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் ஒரு கேள்வி மறைந்துபோகிறது. அவர் யாருடைய சொத்தை, யாருக்குப் பதிலாகக் காவல் காக்கிறார்? அன்றாட வீரத்தின் பெறுமதியை அது தாங்கிய சுமையின் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. அந்தச் சுமை, அதைச் சுமந்திருக்க வேண்டியவரின் தோளுக்கு எந்த அளவு மாற்றப்பட்டது என்பதைக் கொண்டும் மதிப்பிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு பொருளியலாளர்களிடமிருந்து வருகிறது: அக்கம்பக்கத்துக்கு நேரும் இழப்பே சிறிது என்பர். சிக்காகோ தரவுகளை ஆராய்ந்த டான் இம்மர்க்ளக், ஜியாஃப் ஸ்மித் இருவரும், ஒரு ஜப்தி எட்டில் ஒரு பங்கு மைல் தொலைவுக்குள் உள்ள வீடு ஒவ்வொன்றின் விலையையும் ஏறத்தாழ 0.9 விழுக்காடு குறைப்பதாக 2006-இல் கணித்தனர். மாசச்சூசெட்ஸ் பற்றி கேம்ப்பெல், ஜிக்லியோ, பாதக் 2011-இல் வெளியிட்ட ஆய்வும், மிக அருகிலுள்ள வீடுகளுக்குச் சுமார் 1 விழுக்காட்டுச் சரிவையே காட்டியது. ஆயினும் இவை ஒரு ஜப்திக்கான கணக்குகள். ஒரே தெருவில் நான்கைந்து வீடுகள் அடுத்தடுத்துக் காலியாகும்போது கணக்கு வேறாகிறது. அதோடு, விற்கும் எண்ணமே இல்லாத முதியவருக்கு விலைச் சரிவு பெரிய பொருட்டல்ல. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் தன் மரச்சுவரும் எரியும் என்பதே அவருக்குப் பொருட்டு. இம்மர்க்ளக், ஸ்மித் இருவரின் மற்றோர் ஆய்வு, ஜப்தி விகிதம் 1 விழுக்காட்டுப் புள்ளி உயரும்போது வன்முறைக் குற்றங்கள் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடுவதோடு தொடர்புடையதாகக் கண்டது. சராசரிகளுக்குள் அகப்படாத இன்னொன்றும் உண்டு. பழுதுபார்க்கும் செலவு வீட்டின் விலையைவிட அதிகம் என்று தெரிந்ததும், தொடங்கிய ஜப்தியைக் கடன் நிறுவனங்கள் பாதியில் கைவிட்டன. 2008 ஜனவரி முதல் 2010 மார்ச் வரை இப்படிக் கைவிடப்பட்டுக் காலியாய்க் கிடந்த வீடுகள் 14,500 முதல் 34,600 வரை இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் பொறுப்புக்கூறல் அலுவலகம் மதிப்பிட்டது. வெளியேறிய குடும்பத்தின் பெயரிலேயே பத்திரம் இருக்கும், ஆனால் பராமரிக்க ஒருவரும் இருக்க மாட்டார்.

பராமரிக்காதவர் யார் என்று கேட்டாலே விடை கிடைப்பது அரிதாக இருந்தது. கடன்கள் கட்டுக்கட்டாகச் சேர்க்கப்பட்டு, பங்குபோட்டு, முதலீட்டாளர்களிடம் விற்கப்பட்டிருந்தன. 2007 அக்டோபர் 31 அன்று கிளீவ்லாந்தின் கூட்டாட்சி நீதிபதி கிறிஸ்டோபர் பாய்க்கோ, அடமானக் கடனுக்கு உரியவர் தாமே என்று நிரூபிக்க முடியாத வங்கி தொடுத்த 14 ஜப்தி வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். நீதிமன்றத்திலேயே உரிமையாளர் தெளிவாகாதபோது, புல் வளர்ந்து கிடப்பதைத் தெருவாசி யாரிடம் முறையிடுவார்? 2008 ஜனவரியில் நகராட்சி 21 நிதி நிறுவனங்கள்மீது பொதுத்தொல்லை வழக்குத் தொடுத்தது. கடன் வணிகத்துக்கும் தெருவின் சீரழிவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மறைமுகமானது என்று அது தோற்றது, மேல்முறையீட்டிலும் தோற்றது. வீட்டுவசதி நீதிமன்ற நீதிபதி ரேமண்ட் பியாங்கா, அழைப்பாணைக்கு வராத நிறுவனங்களை அவை இல்லாமலே விசாரித்துப் பெருந்தொகை அபராதம் விதித்தார். 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. பலன் தந்தது வேறொன்று. மாவட்டக் கருவூலர் ஜிம் ரொக்காக்கிஸ் முன்னின்று கோரிய சட்டத்தால் 2009-இல் கிளீவ்லாந்து அடங்கிய கையஹோகா மாவட்டத்தின் நில வங்கி உருவானது. சொத்து வரி பாக்கிகளின் அபராதமும் வட்டியும் அதற்கு நிதி. கைவிடப்பட்ட வீடுகளைக் கையகப்படுத்தி, தேறுவதைப் பழுதுபார்க்கவும் தேறாததை இடிக்கவும் அதிகாரம். ஏலத்தில் ஒரு வீட்டை ஊக வணிகர் மலிவாக வாங்கி அப்படியே விட்டுவிடும் சுழற்சியை இது ஓரளவு அறுத்தது. முறையீடு சென்றுசேர ஒரு முகவரி கிடைத்தது என்பதையே இதன் முதன்மையான பயனாகக் கருதுகிறேன்.

இரண்டாவது மறுப்பு நெறி சார்ந்தது: தகுதிக்கு மீறிக் கடன் வாங்கியவர்கள் அதன் விளைவை ஏற்கட்டும் என்பது. கடன் வாங்கியவரின் பொறுப்பை ஒப்புக்கொண்டாலும், அடுத்த வீட்டார் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. வாடகையை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கும் இதே நிலை. 2008 அக்டோபரில் சிக்காகோ அடங்கிய குக் மாவட்ட ஷெரீஃப் டாம் டார்ட், ஜப்தி வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றும் ஆணைகளை நிறைவேற்ற மறுத்ததற்குச் சொன்ன காரணம், உரிமையாளர் தவணை தவறியதை அறியாத வாடகைதாரர்கள் தெருவில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதே. மறுத்தால் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாகலாம் என்று தெரிந்தே மறுத்தார். 2009 மே மாதம் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் அத்தகைய வாடகைதாரர்களுக்குக் குறைந்தது 90 நாள் அவகாசத்தை உறுதி செய்தது. முதலில் மீறல், பிறகு சட்டம் என்ற இதே வரிசை 1930-களின் பெருமந்தக் காலத்திலும் காணப்படுகிறது. ஐயோவா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களின் விவசாயிகள் பண்ணை ஏலங்களில் திரண்டு, சில சென்டுகளுக்குக் கேட்டு, வெளியாளை வாய் திறக்கவிடாமல் செய்து, வாங்கியதை உரியவருக்கே திருப்பிக் கொடுத்தனர். 1933-இல் மினசோட்டா ஜப்தியைத் தள்ளிவைக்கச் சட்டம் இயற்ற, மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றது. அந்த விவசாயிகள் மிரட்டினார்கள் என்பது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஏற்படுத்திய நெருக்கடி இல்லாமல் அச்சட்டம் அவ்வளவு விரைவில் வந்திருக்கும் என்று நம்ப இடமில்லை.

மூன்றாவது மறுப்பே கடினமானது. நில வங்கிகள் காத்ததைவிட இடித்ததே அதிகம். தெருவைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தெருவையே பல்லுப்போனதாக ஆக்கிவிட்டன என்கிறார்கள். மக்கள்தொகை பல பத்தாண்டுகளாகக் குறைந்துவந்த நகரில் எல்லா வீடுகளுக்கும் ஆள் கிடைத்திருக்காது என்பது இதற்குப் பாதி விடை. மீதிப் பாதி, இடித்த மனை யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. டெட்ராய்ட் நில வங்கி 2014 முதல் வெற்று மனைகளை, அவற்றை ஒட்டிய வீட்டுக்காரருக்கே 100 டாலருக்கு விற்றுவருகிறது. பல ஆண்டுகள் அந்தப் புல்லை வெட்டியவரே பெரும்பாலும் வாங்குபவர். இருந்தும், அந்த ஆண்டுகளில் அவர் செலவிட்ட உழைப்புக்கும் எரிபொருளுக்கும் கடன் நிறுவனம் எதையும் ஈடு செய்யவில்லை. மனையோடு சொத்து வரியும் அவர் பெயருக்கே மாறுகிறது. வாடகைக்கு இருந்துகொண்டு அதே வேலையைச் செய்தவருக்கு இந்த 100 டாலர் மனையும் கிடைப்பதில்லை.