செத்தவர்களை எண்ணிய ஊர்

ஏழை செத்தா, 'ரவுடிப் பசங்க, அடிச்சிக்கிட்டுச் செத்தானுங்க' என்று ஒத்தை வரியில் மூடிவிடுவார்கள். கொலம்பியாவில் காலி என்ற நகரத்திலும் எல்லாப் பழியையும் போதைக் கும்பல் மேலேயே போட்டார்கள். 1983இல் அங்கே லட்சம் பேருக்கு 23 கொலை. 1994இல் அது நூறுக்கும் மேல்.

1992இல் மேயரான ரோத்ரிகோ கெர்ரேரோ, தொற்றுநோய்க் கணக்கு படித்த மருத்துவர். நோயை எண்ணுகிற மாதிரியே கொலையையும் எண்ணச் சொன்னார். போலீஸ் கணக்கையும் பிணப் பரிசோதனைக் கணக்கையும் வாராவாரம் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எந்தத் தெரு, எந்தக் கிழமை, என்ன ஆயுதம், குடித்திருந்தாரா? கும்பல் கதை மட்டும் நிக்கல. சனி ஞாயிறு, சம்பள நாள், சாராயம், துப்பாக்கி என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. சம்பள வாரக் கடைசியிலும் விடுமுறையிலும் துப்பாக்கி எடுத்துவரத் தடை போட்டார்கள். அந்த நாட்களில் கொலை சுமார் 14 சதவீதம் குறைந்தது.

தடை மட்டும் போதாது என்பேன் நான். கறுப்பின மக்களும் பிழைக்க வந்தவர்களும் சதுப்பு நிலத்தில் குடிசை போட்ட அகுவாப்ளாங்காவுக்குப் பள்ளியும் வேலையும் வீடும் வேணும். கெர்ரேரோவின் திட்டத்திலேயே அதுவும் இருந்தது.

'அவனுங்க புத்தியே அப்படி' என்பது எண்ணிப் பார்க்காதவன் பேச்சு. எண்ணிவிட்டால், தடுத்திருக்கக்கூடிய சாவு எதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் சர்க்கார் கைகழுவ முடியாது.