பேரும் அரைப்பேரும்

இலங்கையின் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்பை அளக்கும் அலகு ‘பேர்’. பிரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு வந்து, சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர்.

1890இல் தாமஸ் லிப்டன் தம்பேதென்னவில் தோட்டம் வாங்கியபோது, ஆள் சேர்த்து வேலைவாங்கும் கோப்பிக் காலத்துக் கங்காணி முறை அங்கே வேரோடியிருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அதைவிட வினோதமானது துண்டு. தோட்டத்துக்குப் பட்ட இத்தனை ரூபாய் கடனை அடைத்தால் இந்தக் கங்காணியின் இத்தனை ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. ஆள் தட்டுப்பாடான இன்னொரு தோட்டத்துத் துரை அந்தப் பணத்தைக் கட்டுவார். கடன் புதுக் கணக்கில் ஏறும், பெரும்பாலும் முன்னைவிடக் கூடுதலாக. கிரிக்கெட் ஏலத்தில் ஆட்டக்காரரின் விலையை அவர் எடுத்த ஓட்டங்களும் விக்கெட்டுகளும் ஏற்றிவிடும். துண்டிலோ கைவேகத்துக்கு இடமில்லை, தலைக்கணக்கும் கடனும்தான். விலை ஏறினால் ஆளுக்கு லாபமும் இல்லை, ஏறிய தொகை அவர் தலையில்தான் விழுந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது.

ஆறு ஆண்டு கழித்துக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. 1929இல் மலைநாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத்தின் வருமானமே அவர்கள் விரல்நுனியில் இருந்தும் அவர்களுக்கு 11 சதம் குறைவு! சம்பளம் சமமானது 1984இல்தான்.

கொழுந்தை நிறுத்துப் பேர் போடும் தராசுக்கும் ஒரு குறை உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை, அப்புத்தளை அடங்கிய ஊவாவில் கச்சான் காற்று வீசும். செடி வாடிக் கொழுந்து மெதுவாகத் துளிர்க்கும். அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் நல்ல விலை போவதும் அந்தத் தேயிலைக்கே. ஆனால் மலையில் கூடை நிறைவதில்லை. மணத்தை நிறுக்கத் தராசுக்குத் தெரியாதே.

தேயிலை விலையில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு உண்டென்பதைப் பிற்காலக் கூட்டு ஒப்பந்தங்கள் ஏற்றன. 2016 ஒப்பந்தத்தின் நாட்சம்பளம் 730 ரூபாய்: அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்காக 30. 2019இல் வருகைக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீங்கி, அடிப்படை 700 ஆனது. விலைப் பங்கு 50 ரூபாய். கச்சான் மாதங்களுக்கென்று தனி விகிதம் எதுவும் வைக்கவில்லை.