கூனும் பக்க வளைவும்

கூன் என்னும் சொல் தமிழில் தொன்மையானது. புறநானூற்று 28ஆம் பாடலில் முதுகண்ணன் சாத்தனார் எண்வகை எச்சங்களுள் கூனையும் எண்ணுகிறார். தொல்காப்பியர் செய்யுளில் தனித்து நிற்கும் சீரையும் கூன் என்றார், அதில் இகழ்ச்சியில்லை. 7ஆம் நூற்றாண்டின் நின்றசீர் நெடுமாறனுக்கோ கூன் பாண்டியன் என்றே பெயர் வழங்கிற்று. திருஞானசம்பந்தர் பாட அக்கூன் நிமிர்ந்தது என்பது சைவ மரபு. அரசனாயினும் உடற்குறையே பெயராயிற்று!

முதுகெலும்பு முன்னோக்கி வளைவது கூன். பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்வது வேறு. பேச்சு வழக்கோ இரண்டையும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டது. 1948இல் ஜான் காப் வகுத்த அளவைப்படி, வளைவு 10 பாகையை எட்டினால் அது பக்க வளைவு எனப்படும்.

சிரம்பானை அடுத்த லோபாக்கில், தோட்டத்தில் காண்டாக் கம்பால் பால்வாளி சுமந்த மூத்தோர், தோள் சாய்ந்த சிறுமியை 'நிமிர்ந்து உட்கார்' என்று கடிவர். சுமையே உடலை வளைக்கும் என்பது அவர்தம் பட்டறிவு. ஆயின் வளரிளம் பருவத்துப் பக்க வளைவுக்குச் சுமையோ அமரும் முறையோ காரணமன்று; பெரும்பாலும் காரணம் புலப்படுவதே இல்லை. கடுமையான வளைவு பெண்பிள்ளைகளிடமே மிகுதி. ஒரு தோள் உயரும். சட்டை விளிம்பு கோணும். வளைவு முற்றின் மார்புக்கூடு குறுகி, படியேறவும் மூச்சு வாங்கும். பழிச்சொல்லுக்கு அஞ்சும் பிள்ளை முதுகை மறைத்துக்கொள்வாள். வளர்ச்சி முடியுமுன் கச்சை அணிவித்துத் தடுக்கவேண்டிய காலம் அதற்குள் கழிந்துவிடும்.

1865இல் ஆங்கில அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் விளக்கிய சோதனைக்குக் கருவி வேண்டுவதில்லை. கால்களைச் சேர்த்துக் கைகளைத் தொங்கவிட்டுக் குனிந்தால், ஒருபக்க விலா மேடிட்டுத் தோன்றும்.