தங்கவயலின் இரு வெப்பங்கள்

குளிர்நாட்டார் கண்ணாடி மனையில் செடிகளைக் காக்க விறகடுப்பு மூட்டுவர். கோலார் தங்கவயலில் விறகு எரிந்தது வேறொன்றுக்காக. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப்பணி தொடங்கியபின், நீர் இறைத்த, பாறை நொறுக்கிய நீராவி இயந்திரங்கள் விறகையும் நிலக்கரியையும் உண்டன. சுற்றுக் காடுகள் இரையாயின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பிவழி மின்சாரம் வந்தது. கொதிகலன்களின் பசி தணிந்தது.

ஆயினும் வெப்பம் விடவில்லை. சாம்பியன் ரீப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே 60 பாகை செல்சியஸைக் கடந்து கொதித்தது. மேலிருந்து குளிர்காற்றைச் செலுத்தியே அங்கு வேலை நடந்தது. அவ்வுலையில் நின்றோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களினின்று குடிபெயர்ந்தவர்.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காக அயல் மாநிலங்களில் வாழும் நாம், நமக்கு முன் சென்ற அவர்தம் வியர்வையையும், சாம்பலான அக்காடுகளையும் தங்கத்தின் விலையோடு சேர்த்தே எண்ணுவோமாக.